கரன்ட் போனபின் லினக்ஸ் எழவில்லையா?

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் கரன்ட் நிற்பது உறுதி. 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பேட்டரி செத்து, சார்ஜரை நம்பியே ஓடும் அந்தப் பழைய கணினி வீட்டில் இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்குத்தான்.

நம்பிக்கை: கறுப்புத் திரையில் வெறும் எழுத்து வந்தால் டிஸ்க் போச்சு, ஃபார்மட்தான் வழி.

உண்மை: பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனதால் எந்தக் கோப்பு எங்கே என்ற கணக்கு குழம்பியிருக்கும், அவ்வளவுதான். லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 வகைக் கோப்பு முறைமையில் ஜர்னல் என்ற குறிப்பேடு உண்டு. மறுபடி துவங்கும்போது அதைப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும். முடியாதபோதுதான் எஃப்எஸ்சிகே என்ற சோதனைக் கருவியை ஓட்டச் சொல்லிக் கேட்கும். 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்று முதல் நிமிடமே சொல்லும் கடைக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: எஃப்எஸ்சிகே ஓட்டினால் போன கோப்பெல்லாம் திரும்பிவிடும்.

உண்மை: அது திருத்துவது கணக்கை. வி.ஏ.ஓ. அடங்கலைத் திருத்தினால் வெள்ளத்தில் போன நெல் திரும்புமா? கோப்பின் பெயர் கோப்புறையில் இருக்கிறது. மற்ற விவரமெல்லாம் ஐநோட் என்ற தனிப் பதிவில். கோப்புறை கெட்டால் பெயர் போய்விடும், உள்ளடக்கம் தப்பலாம். அப்படித் தப்பியவை 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற கோப்புறையில் வெறும் எண்களாகக் கிடக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கல்யாணப் படங்கள் அங்கே இருக்கலாம்.

நம்பிக்கை: கணினி ஓடும்போதே எஃப்எஸ்சிகே ஓட்டி, எல்லாக் கேள்விக்கும் 'ஒய்' தட்டினால் போதும்.

உண்மை: இதுதான் பெரிய ஆபத்து. கணினி எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் எஃப்எஸ்சிகேயும் எழுதினால் நல்ல கோப்பும் கெடும். லினக்ஸ் உள்ள லைவ் பென்டிரைவில் கணினியைத் துவக்கி, முதலில் எதையும் மாற்றாத 'என்' முறையில் ஓட்டிப் பாருங்கள். கோப்பு முறைமையின் அடிப்படை விவரம் இருக்கும் சூப்பர்பிளாக்கே கெட்டிருந்தாலும் பதற வேண்டாம். டிஸ்க்கில் அதன் நகல்கள் உண்டு, 4 கேபி பிளாக் என்றால் முதல் நகல் வழக்கமாக 32768-ல். எக்ஸ்எஃப்எஸ் வகைக்கு எஃப்எஸ்சிகே ஒன்றும் செய்யாது. அதற்கு எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் என்ற தனிக் கருவி.

டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாலோ, படிக்க முடியவில்லை என்ற பிழை வந்தாலோ, எஃப்எஸ்சிகே பக்கமே போகாதீர்கள். டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு வேறு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, பழுதை அந்த நகலில் பாருங்கள்.