சங்கக் கணக்கிற்கு மறுபிரதி: மடிக்கணினியின் இணைப்புத் துளைகளும் வெளி ஹார்டு டிஸ்க்கும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் நெசவாளர் சங்கமாயினும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமாயினும், கணக்கு இன்று பெரும்பாலும் கணினியிலேயே எழுதப்பெறுகின்றது. தோல் முதுகு கட்டிய பழைய பேரேடுகள் பீரோவின் மேல்தட்டுக்குச் சென்றுவிட்டன. பேரேட்டைக் கரையான் அரித்தாலும் சில பக்கங்களேனும் மிஞ்சும். கணினியின் உள்ளிருக்கும் தட்டோ பழுதுறும்போது முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒருசேரப் போய்விடக் கூடும். ஆகவே மறுபிரதி எடுத்து வைக்கும் முறையை அங்கத்தினரும், நிர்வாகக் குழுவினரும், செயலாளரும் ஒருங்கே அறிந்திருத்தல் அவசியமாகின்றது.

கரிசல் நிலத்து விவசாயிக்கு இஃது புதிய பாடமன்று. குதிரைவாலியோ, சோளமோ, மல்லியோ, எதை விளைவித்தாலும் அடுத்த பருவத்திற்குரிய விதையைத் தனியே எடுத்து, சாம்பல் கலந்தோ வேப்பிலை இட்டோ வேறிடத்தில் வைப்பது நம் முன்னோர் வழக்கம். உண்ணும் தானியம் இருக்கும் குலுக்கையிலேயே விதையையும் கொட்டி வைத்தவர் எவருமிலர். கணினியின் 'டி' பாகத்தில் ஒரு நகல் எடுத்துவிட்டு மறுபிரதி இருக்கின்றது என்று நம்மிடம் கூறும் செயலாளர்கள் அதைத்தான் செய்கின்றனர். 'சி' பாகமும் 'டி' பாகமும் பெரும்பாலான கணினிகளில் ஒரே தட்டின் இரு கூறுகளேயாம்.

மைய அரசு 2022 ஜூன் மாதம் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதன் பொது மென்பொருளில் எழுதப்பெறும் கணக்கு இணையத்தின் வழியே மையக் கணினிகளில் தங்குவதால் அதற்கு அச்சம் குறைவு. எனினும் கூட்டத் தீர்மானங்கள், கடிதப் போக்குவரத்து, தள்ளுபடிப் பட்டியல்கள், அங்கத்தினரின் ஆவண நகல்கள் ஆகியவை சங்கத்துக் கணினியிலேயே உறைகின்றன. நெசவாளர் சங்கங்களில் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், கூலியிலிருந்து பிடிக்கப்பெறும் சேமிப்புத் தொகை யாவும் தனி மென்பொருளில், தனிக் கணினியில் இருப்பதே பெரும்பான்மை.

இனி மடிக்கணினியின் பக்கவாட்டில் காணும் துளைகளைப் பார்ப்போம். தொண்ணூறுகள் வரை கணினியில் அச்சு இயந்திரத்திற்கு ஒரு வகை, எலிக்கு ஒரு வகை, விசைப்பலகைக்கு ஒரு வகை எனப் பல வடிவத் துளைகள் இருந்தன. அவற்றையெல்லாம் ஒன்றாக்கும் நோக்குடன் 1996இல் யூ.எஸ்.பி. என்னும் பொதுமுறை வெளியிடப்பட்டது. அதனை உருவாக்கிய இன்டெல் நிறுவனத்துக் குழுவில் முதன்மையானவர் பரோடாவில் பயின்ற அஜய் பட் என்னும் நம் நாட்டவர். 2000இல் இரண்டாம் பதிப்பும், 2008இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. நீள்சதுரமான துளையின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு கறுப்பாகவோ வெண்மையாகவோ இருப்பின் பெரும்பாலும் இரண்டாம் பதிப்பு. நீலமாக இருப்பின் மூன்றாம் பதிப்பு. எல்லா நிறுவனத்தாரும் இந்நிற வழக்கைப் பின்பற்றுவதில்லையாதலால், துளையின் அருகே 'எஸ்.எஸ்.' என்னும் குறி உண்டா என்பதையும் நோக்குக.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். இரண்டாம் பதிப்பின் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், மூன்றாம் பதிப்பின் வேகம் 5 கிகாபிட் என்று விற்போர் கூறுவர். பிட் வேறு, பைட் வேறு. எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட். நூலை நம்பரால் கூறுவதற்கும் எடையால் கூறுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நெசவாளர் இதில் ஏமாறமாட்டார். 480 மெகாபிட் என்பது 60 மெகாபைட். நடைமுறையில் கிடைப்பது 35 மெகாபைட் அளவே. சங்கத்தின் கோப்புகள் 20 கிகாபைட் என்று கொண்டால், இரண்டாம் பதிப்புத் துளையில் பத்து நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாகும். அதே கோப்புகளை மூன்றாம் பதிப்புத் துளையில் சாதாரணச் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் எழுதினால், நொடிக்கு 100 மெகாபைட் வீதம் மூன்றரை நிமிடம் போதும். சுழலும் தட்டினால் 5 கிகாபிட் வேகத்தை நிரப்ப இயலாது என்பதையும் இக்கணக்கே காட்டும். வாரம் ஒருமுறை சில நிமிடம் மிச்சப்படுத்துவதற்காக விலை கூடிய எஸ்.எஸ்.டி. வகையை நாடவேண்டும் என்பது நம் கருத்தன்று. எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு இல்லாமையால் கீழே விழுந்தால் தாங்கும் என்பது உண்மையே. ஆயினும் மின்னிணைப்பின்றி நெடுங்காலம் பெட்டியில் கிடந்தால் அதன் பதிவு மங்கவும் கூடும்.

சிறிய முட்டை வடிவத் துளை டைப்-சி எனப்படும். 2014இல் வந்தது, எப்பக்கம் திருப்பிச் செருகினும் பொருந்தும். வடிவம் ஒன்றாயினும் வேகம் ஒன்றன்று என்பதே இதில் கவனிக்கத்தக்கது. சில மடிக்கணினிகளில் அத்துளை மின்னேற்றத்திற்கு மட்டுமே பயன்படும். சிலவற்றில் மிகுந்த வேகத்தில் தரவும் செல்லும். துளையருகே மின்னல் குறி இருப்பின் அது தண்டர்போல்ட் எனப்படும் உயர்வகையாக இருத்தல் கூடும். கைப்பேசிக்கு மின்னேற்றும் டைப்-சி கம்பிகள் பல, தரவை இரண்டாம் பதிப்பின் வேகத்திலேயே கொண்டு செல்பவை. துளையும் டிஸ்க்கும் நல்லனவாயிருந்தும் நகல் ஆமைபோல் நகருமாயின் கம்பியை மாற்றிப் பார்த்தல் வேண்டும். எச்.டி.எம்.ஐ. துளை திரைக்கு உரியது, மறுபிரதிக்கு உதவாது.

வெளி ஹார்டு டிஸ்க் பலவற்றில் அகன்ற இரட்டைத் தலை போன்ற முனையுடைய குட்டைக் கம்பி வரும். அக்கம்பி தொலைந்தால் அவசரத்திற்குக் கடைவீதியில் கிடைப்பது அரிது. வாங்கும்போதே மற்றொன்றைச் சேர்த்து வாங்கி வைத்தல் நலம். அதுவரை பழைய கைப்பேசியின் மைக்ரோ முனைக் கம்பியை அகன்ற துளையின் பெரிய பாதியில் செருகினால் இரண்டாம் பதிப்பின் வேகத்தில் வேலை நடக்கும் என்பதைப் பலர் அறியார்.

ஒரு டெராபைட் என்று வாங்கிய டிஸ்க்கைக் கணினியில் செருகினால் 931 கிகாபைட் என்றே விண்டோஸ் காட்டும். இருப்புக் குறைவு என்று தணிக்கைக் குறிப்பு எழுத வேண்டா! செய்தவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகின்றார்; கணினி 1,024ஆல் வகுக்கின்றது. அவ்வளவே. ஆனால் மிகக் குறைந்த விலையில் பல டெராபைட் என்று விற்கப்படும் பென் டிரைவ்கள் வேறு வகை. உள்ளே சிறு கொள்ளளவே இருக்க, பெரிதாகக் காட்டும்படி பொய் எழுதப்பட்டவை அவற்றுள் உண்டு. நிறைந்தபின் எழுதியன யாவும் காற்றில் எழுதியனவே. சங்கப் பணத்தில் அறிந்த நிறுவனத்தின் பொருளை, உரிய பட்டியலுடன் வாங்குதலே முறை.

நகல் எடுப்பதிலும் ஒரு பிழை பரவலாக உள்ளது. பிற மாவட்டத்து நெசவாளர் சங்கம் ஒன்றில், பெயர் வேண்டியதில்லை, ஐப்பசி மாதத்து இடியில் மின்னழுத்தம் ஏறிக் கணினி எரிந்துபோயிற்று. பென் டிரைவில் மாதந்தோறும் நகல் எடுக்கப்பட்டிருந்ததாகவே எல்லோரும் நம்பினர். வேறு கணினியில் செருகிப் பார்க்க, அதில் இருந்தது மென்பொருளைத் திறக்கும் குறுக்குவழிச் சின்னம் மட்டுமே. அளவு இரண்டு கிலோபைட். திரையில் தெரிந்த படத்தை இழுத்துப் போட்டுவிட்டு, கணக்கே சென்றுவிட்டதாக எண்ணியிருந்தனர். வாசல் திறவுகோலின் படத்தை எழுதி வைத்துக்கொண்டு வீட்டைக் காத்ததாக நினைப்பது போன்றது அது.

அச்சங்கத்தை ஓரளவு மீட்டவை அங்கத்தினரின் கையிலிருந்த பாஸ் புத்தகங்கள். கொடுத்த பாவு, ஊடை எடை, வந்து சேர்ந்த சேலை, கூலி, பிடித்த சேமிப்பு ஆகியவற்றை ஒவ்வொரு வீடாகச் சென்று திரட்டிப் பேரேட்டைத் திரும்ப எழுத நான்கு மாதமாயிற்று. புத்தகத்தை ஒழுங்காகப் பதியவைத்து வந்தவர்களுக்குத் தொகை உறுதியாயிற்று. புத்தகம் தொலைத்தவரும், கணவர் இறந்தபின் புத்தகம் இருக்குமிடம் அறியாத கைம்பெண்களும் பட்ட அலைச்சல் சொல்லி முடியாது. ஆண்டுக்கணக்காகத் தறியில் உட்கார்ந்து சேர்த்த தொகைக்கு அவர்கள் அண்டை வீட்டாரைச் சாட்சி கொண்டுவர நேர்ந்தது. பாஸ் புத்தகத்தில் பதிவு செய்து தரும்படி கேட்பது செயலாளர் மீது ஐயங்கொள்வதாகாது. அதுவும் ஒரு மறுபிரதியே என்பதை நெசவாளத் தோழர்கள் உணர்தல் வேண்டும்.

ஆகவே முறை யாதெனில், கணக்கு மென்பொருளிலேயே உள்ள 'பேக்கப்' கட்டளையைக் கொண்டு நகல் எடுத்து, எடுத்தபின் கோப்பின் அளவையும் தேதியையும் பார்த்தல் வேண்டும். சென்ற வாரம் 300 மெகாபைட் இருந்தது இவ்வாரம் மூன்று ஆயிருந்தால் ஏதோ தவறு நேர்ந்துள்ளது. காலாண்டுக்கு ஒருமுறை அந்நகலை மற்றொரு கணினியில் திறந்து, இருப்புச் சோதனைப் பட்டியலின் கூட்டுத்தொகை அச்சிட்ட பிரதியுடன் ஒத்துள்ளதா என்று சரிபார்ப்பது இன்றியமையாதது. திறந்து பார்க்காத நகலை நாம் பரிசோதனையில் நகலாகக் கொள்வதில்லை.

டிஸ்க் இரண்டு இருத்தல் வேண்டும். ஒரு வாரம் ஒன்றில், மறுவாரம் மற்றதில். ஒன்று சங்கத்து இரும்புப் பெட்டியில் இருக்கும்போது மற்றது வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். தீயும் திருட்டும் பெரும்பாலும் ஒரு கட்டடத்தோடு நிற்பவை. நகல் முடிந்ததும் முறைப்படி வெளியேற்றும் கட்டளை கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றிவிடுக. செருகியபடியே விடுவதில் இடி மின்னல் மட்டுமன்றி வேறோர் இடரும் உண்டு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற தீநிரல்கள் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பவை. அத்தருணத்தில் இணைந்திருக்கும் வெளித்தட்டையும் அவை சேர்த்தே பூட்டும். கழற்றி வைத்த தட்டை அவற்றால் தீண்ட முடியாது.

புதுத் தட்டு 'ஃபேட் 32' என்னும் அமைப்பில் இருப்பின் நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பு அதில் ஏறாது, 'என்.டி.எஃப்.எஸ்.' அமைப்பிற்கு மாற்றிக்கொள்க. மாற்றும்போது உள்ளிருப்பவை அழியுமாதலால் வாங்கிய அன்றே செய்தல் வேண்டும். சுழலும் தட்டு எழுதிக்கொண்டிருக்கையில் அதனை அசைத்தல் ஆகாது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் போட்டுக் கொண்டுசெல்வதும் கூடாது. துணியில் சுற்றி, தோள்பையில் கொண்டு செல்க.

வெளியே செல்லும் தட்டில் அங்கத்தினரின் ஆதார் நகலும் நகைக்கடன் விவரமும் இருக்கும். எனவே கடவுச்சொல் இட்டுப் பூட்டுதல் வேண்டும். சில விண்டோஸ் பதிப்புகளில் பிட்லாக்கர் என்னும் வசதி இதற்கென உள்ளது. அது தரும் நீண்ட மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, நகைப் பெட்டகத்தில் இரட்டைச் சாவியின் கீழ் வைக்கலாம். அவ்வெண் செயலாளரின் நினைவில் மட்டும் இருந்து, அவர் மாற்றலாகிச் சென்றால், தட்டு இருந்தும் இல்லாததேயாம்.

இதற்கெனச் சிறு பதிவேடு ஒன்றைத் தொடங்குக. தேதி, எத்தட்டு, கோப்பின் அளவு, எடுத்தவர் ஒப்பம், தட்டு இப்போது இருக்குமிடம், திறந்து சரிபார்த்த நாள் ஆகிய ஆறு கட்டங்கள் போதும். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ரொக்க இருப்பு வாசிக்கப்படும்போதே இதன் கடைசி வரியும் வாசிக்கப்படட்டும். இரு தட்டுகளையும் தளவாட இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணுடன் ஏற்றி, அதே எண்ணைத் தட்டின் முதுகில் ஒட்டிவிடுக. அடுத்த பரிசோதனையின்போது நாம் முதலில் கேட்பது அந்த எண்களையே.