பிள்ளையைக் கவனிக்க வேலையை விட்டீர்களா? உங்களுக்கு உதவி உண்டு



பிள்ளைக்கு மூன்று வயதாகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறது. கொஞ்சம் கண் மறைந்தால் ரோட்டுக்கு ஓடிவிடுகிறது. டாக்டரிடம் காட்டினால் ‘ஆட்டிசம்’ என்கிறார். அன்று முதல் தாய் களை எடுக்கப் போக முடிவதில்லை. வீட்டில் ஒரு கூலி நின்றுபோகிறது. பயிற்சிக்காக டவுனுக்குப் போய்வரும் செலவோ கூடுகிறது. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு என்ன உதவி கிடைக்கும், அதை எப்படிப் பெறுவது என்று சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

யார் மேலும் குற்றமில்லை

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் ஏற்படும் ஒரு மாறுதல். தாயின் வளர்ப்பு அதற்குக் காரணமல்ல. தடுப்பூசியும் காரணமல்ல. அதைப் போக்கும் மருந்து கிடையாது. ஆனால் சிறு வயதிலேயே பயிற்சி தொடங்கினால் பிள்ளை நிறையவே முன்னேறும். ‘முழுசாக் குணமாக்கிடறேன், ஐம்பதாயிரம் ஆகும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோட்டை அடகு வைக்காதீர்கள். கையிலிருக்கும் காசைக் காப்பதும் பிள்ளைக்குச் செய்யும் உதவிதான்.

சான்றிதழே முதற்படி

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும்.

முதலில் கிராம சுகாதார செவிலியரிடமோ, அங்கன்வாடிப் பணியாளரிடமோ சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாக, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்ட மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அரசு மருத்துவமனையில் சான்றிதழும், அதைக் கொண்டு தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் போட்டோ, வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்

ஆட்டிசத்தை அளக்க 40 அம்சங்கள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று உண்டு. பெற்றோர் சொல்லும் பதிலும் அதில் கணக்கில் வரும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்களோ’ என்று கூச்சப்பட்டு, ‘எல்லாம் நல்லாத்தான் செய்யறான் டாக்டர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். சதவீதம் குறைந்துபோகிறது, உதவியும் கைநழுவுகிறது. தானாகச் சாப்பிடத் தெரியாதா? இரவில் தூக்கமில்லையா? தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறதா? இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வாரம் நடந்ததை நோட்டில் எழுதி எடுத்துப் போனால் ஒன்றும் விட்டுப்போகாது.

கிடைக்கும் உதவிகள்

1. பராமரிப்பு உதவித்தொகை: அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கும் கடும் பாதிப்பு உடையவர்களுக்கும் தமிழ்நாடு அரசு வழங்கும் மாதத் தொகை, 2023 ஜனவரி முதல் ரூ.1,500-இலிருந்து ரூ.2,000 ஆயிற்று. உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசத்தோடு அறிவு வளர்ச்சிக் குறைவும் இருந்தால், சான்றிதழில் இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

2. பராமரிப்பாளர் படி: எப்போதும் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய நிலையில் உள்ளவர்கள் ‘உயர் ஆதரவு தேவைப்படுவோர்’ எனப்படுவர். இவர்களுக்கான பராமரிப்பாளர் படியை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-வது பிரிவு குறிப்பிடுகிறது. உயர் ஆதரவு கேட்டு விண்ணப்பிக்க 38-வது பிரிவு வழிசெய்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இந்தப் பேரைச் சொல்லியே கேளுங்கள்.

3. நிராமயா காப்பீடு: 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் திட்டம் இது. ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். ஆட்டிசப் பிள்ளைகள் பெறும் பயிற்சிச் செலவுக்கும் ஒரு வரம்பு வரை பணம் உண்டு. முதலில் நீங்கள் செலவழித்து, பிறகு ரசீது காட்டிப் பெற வேண்டும். ஆகவே ஒரு ரசீதையும் தூக்கி எறியாதீர்கள்.

4. பஸ் பயணம்: 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் துணைக்கு வரும் ஒருவரும் கட்டணமின்றிப் போகலாம்.

5. படிப்பு: 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறப் பிள்ளைக்கு உரிமை உண்டு. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. வட்டார வள மையத்தில் விசாரியுங்கள்.

மனு கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ரசீதோடு போய்ச் சொல்லுங்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டப்படியான பாதுகாவலராக உங்களை நியமிக்கக் கேட்டு, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவுக்கு மனுச் செய்யவும் மறக்க வேண்டாம்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை

‘அவ வீட்டிலே சும்மாதானே இருக்கா’ என்று சொல்லாதீர்கள். ஓடும் பிள்ளையைப் பிடித்து, ஊட்டி, கழுவி, ராத்திரியெல்லாம் கண்விழிப்பதும் வேலைதான். அதற்குக் கூலி கொடுப்பார் யாருமில்லை. சான்றிதழுக்கு அலைவதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் அரை நாளாவது பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கொஞ்சம் தூங்கட்டும், தாய்வீடு போய்வரட்டும். ‘என்னங்க, ஒரு அரைமணி நேரம் பார்த்துக்குங்க’ என்று அவள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேட்பது பிச்சையல்ல, உங்கள் பிள்ளையின் உரிமை. அடுத்த முறை செவிலியர் உங்கள் தெருவுக்கு வரும்போதே பேச்சைத் தொடங்குங்கள்.

மறைத்தால் உதவி இல்லை. மனம்விட்டுச் சொன்னால் வழி உண்டு!