குடிகாரருக்கும் இரக்கமா?

கேள்வி: தெருவில் படுத்துக் கிடப்பவர்களில் குடிகாரர்களும் இருக்கிறார்களே, கிறிஸ்தவ இரக்கம் அவர்களுக்கும் உண்டா?

பதில்: கட்டாயம் உண்டு. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில், பசித்தவருக்குக் கொடுத்ததைத் தமக்கே கொடுத்ததாக இயேசு ஏற்றுக்கொள்கிறார். நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. அதை அப்படியே நம்பியவர் பத்திரிகையாளர் டாரத்தி டே. 1933-இல், பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டியபோது, பீட்டர் மோரின் என்பவருடன் நியூயார்க்கில் ‘கத்தோலிக் வொர்க்கர்’ இதழைத் தொடங்கினார். விலை ஒரு சென்ட். எழுதியதோடு நிற்காமல், வீடற்றவர்களுக்கு இல்லங்களும் திறந்தார். சூப், ரொட்டி, காப்பி, படுக்கை. குடிகாரர்களும் வந்தார்கள், மனநோயாளிகளும் வந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, 1980-இல் அப்படியோர் இல்லத்திலேயே இறந்தார். தெருவில் கிடப்பவருக்குக் காசாகக் கொடுப்பதா, சாப்பாடு வாங்கித் தருவதா என்பதை ஆளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். கொடுக்கும்போது பெயரையும் கேளுங்கள்.