நரம்பு சுருட்டலுக்கு லேசரா, ஆர்எஃப்ஏவா, பசையா, ஊசியா?

ராஜபாளையம் நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடும் தறிகளிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்படியிலும் நாள் முழுக்க நின்றே வேலை. பரம்பரையும் பிரசவமும் உடல் எடையும் சேர்ந்துகொண்டால் காலில் நரம்பு புடைத்துச் சுருளும். நரம்பு என்று நாம் சொல்லும் சிரைக்குள் இருக்கும் வால்வு தளர்ந்து, மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே தேங்குவதுதான் காரணம்.

எந்தச் சிகிச்சை என்று கேட்கும் முன் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். நிற்கவைத்து, கெண்டைக்காலை அமுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் ஓடும் பெரிய சிரையில் அரை விநாடிக்கு மேல் ரத்தம் கீழ்நோக்கி ஓடினால் வால்வு பழுது. படுக்கவைத்து மட்டும் எடுத்த ஸ்கேனை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

லேசரும் ஆர்எஃப்ஏவும் (ரேடியோ அலைச் சூடு) ஒரே வேலைதான். முழங்கால் அருகே ஊசித்துளை போட்டு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சுற்றிலும் மரப்பு மருந்து ஏற்றி, சிரையைச் சூட்டால் மூடிவிடுவார்கள். ஆர்எஃப்ஏவில் 7 செ.மீ. நீளத்துக்கு 20 விநாடி, 120 டிகிரி சூடு. பலனில் பெரிய வித்தியாசம் கிடையாது. உங்கள் மருத்துவருக்கு எதில் கை பழகியிருக்கிறதோ, அதையே செய்துகொள்ளுங்கள்.

சிரையை ஒட்டி மூடும் பசையில் சூடு இல்லை, கால் நெடுக மரப்பு ஊசியும் வேண்டாம். ஆனால் செலவு கூடுதல்; சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். சிரைக்குள் நுரை மருந்து செலுத்தும் ஊசி மலிவு. வளைந்த கிளைகளுக்கும் திரும்ப வந்தவற்றுக்கும் நல்லது. பெரிய சிரைக்கு அதை மட்டும் போட்டால் மறுபடி திறந்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

அழுத்தக் காலுறை வீக்கத்தைக் குறைக்கும், வால்வைச் சரிசெய்யாது. கர்ப்பிணிகளுக்கு அதுவே போதும். மற்றது பிரசவத்துக்குப் பிறகு. சர்க்கரை நோயாளிகள் தமனி ஓட்டத்தைச் சோதிக்காமல் காலுறையை மாட்டவே கூடாது.

கணுக்கால் கறுத்துப் புண்ணாகிவிட்டவர்கள் மாதக்கணக்கில் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அழுத்தக் கட்டோடு சிரையையும் உடனே மூடியவர்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாள். தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். புண் இருந்தால் காத்திருக்காதீர்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போனால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உங்கள் சிகிச்சைக்குச் செல்லுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும்போது காலைச் சும்மா தொங்கவிடாமல் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் உடனே 108ஐ அழையுங்கள்.