தோல் பை தைப்போம்

நாட்டுத் துப்பாக்கியில் குழல் வாய் வழியாக வெடிமருந்து போடுவார்கள். பிறகு ஈயக் குண்டு போட்டுக் கம்பியால் இடிப்பார்கள். மருந்து நனைந்தால் துப்பாக்கி வெடிக்காது. எதிரே காட்டுப் பன்றி நின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் மருந்துக் குப்பியையும் குண்டுகளையும் தோல் பையில் வைத்துத் தோளில் மாட்டினார்கள்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அனுமதியின்றி வேட்டையாடுவது குற்றம். ஆனால் பை தைக்கத் தடை இல்லை. அதே பையில் இன்று பணமும் கணக்கு நோட்டும் வைக்கலாம்.

ஆவாரம் பட்டை, கடுக்காய் ஆகியவற்றால் பதனிட்ட தோல் கைத்தையலுக்கு ஏற்றது.

செய்யும் முறை

1. முன்பக்கம், பின்பக்கம், மூடி, வார் ஆகியவற்றை முதலில் அட்டையில் வெட்டுங்கள். அட்டையில் தவறினால் நஷ்டம் இல்லை. தோலில் தவறினால் நஷ்டம்.

2. அட்டையைத் தோல்மேல் வைத்துக் கோடு போடுங்கள். கோட்டின்மேல் வெட்டுங்கள்.

3. ஓரங்களில் குத்தூசியால் சம இடைவெளியில் துளை இடுங்கள்.

4. நூலில் தேன்மெழுகு தேயுங்கள். நூலின் இரு முனையிலும் ஊசி கோருங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராக நுழைய வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் பிரியாது.

5. வாரை இரண்டு வரிசையாகத் தையுங்கள். பாரம் முழுவதும் அதில்தான்.

விலை போடும் முறை

தோல், நூல், கொக்கி ஆகியவற்றின் விலையை எழுதுங்கள். எத்தனை நாள் உழைத்தீர்கள்? அந்தக் கூலியையும் சேருங்கள். கூலியை விட்டுவிட்டால் உழைப்பு இலவசமாகிவிடும்.

சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1948-இல் தொடங்கியது. அங்கே தோல் தொழில் பயிற்சி தருகிறார்கள்.

பதில் கூறுங்கள்

1. முதலில் ஏன் அட்டையில் வெட்ட வேண்டும்?
2. விலையில் எவற்றைச் சேர்க்க வேண்டும்?