சிறிய நாடுகள் சேர்ந்து பேசிய பேரம்

மர்பி டவுனில் பூ விற்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் சிட்டி மார்க்கெட்டுக்குப் போகிறார். தனியாகப் போனால், சொன்ன விலைக்கே வாங்க வேண்டியிருக்கும். பத்துப் பேர் சேர்ந்து போனால்? மொத்தமாக வாங்கலாம். பேரம் பேசலாம். ஆட்டோ கூலியும் பங்காகிவிடும்.

நாடுகளுக்கும் இப்படித்தான். இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் காமனி கொரியா. இலங்கையைச் சேர்ந்த பொருளாதார அறிஞர்.

அவர் 1925-ல் பிறந்தார். கொழும்பில் படித்தார். பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களில் படித்தார். நாடு திரும்பி மத்திய வங்கியில் வேலை பார்த்தார். 1965 முதல் 1970 வரை திட்ட அமைச்சின் செயலாளராக இருந்தார்.

அன்றைய இலங்கை எதை விற்று வாழ்ந்தது? தேயிலை, ரப்பர், தேங்காய். இந்த மூன்றையும்தான் பெரிதும் நம்பியிருந்தது. மலையகத் தமிழ்ப் பெண்கள் வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறித்தார்கள். ஆனால் விலை அவர்கள் கையில் இல்லை. நாட்டின் கையிலும் இல்லை. உலகச் சந்தையில் விலை சரிந்தால் நாட்டுக்கு வருமானம் குறையும். வெளிநாட்டிலிருந்து அரிசியும் மருந்தும் வாங்கப் பணம் போதாது.

ஒரு சிறிய நாடு தனியாக என்ன செய்ய முடியும்?

1964-ல் ஐக்கிய நாடுகள் சபை, வணிகத்துக்கும் வளர்ச்சிக்கும் ஓர் அமைப்பை உண்டாக்கியது. அதன் பெயர் அங்டாட். அங்கே 77 ஏழை நாடுகள் ஒரே குழுவாகச் சேர்ந்து பேசின. 1974-ல் கொரியா அங்டாட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1984 வரை அதை வகித்தார்.

அவர் காலத்தில் ஒரு திட்டம் உருவானது. நாடுகள் சேர்ந்து ஒரு பொது நிதி வைக்க வேண்டும். விலை விழும்போது அந்தப் பணத்தில் சரக்கை வாங்கிக் கிடங்கில் வைக்க வேண்டும். விலை மிகவும் ஏறும்போது அதை விற்க வேண்டும். அப்போது விளைவிப்பவருக்கும் நட்டம் இல்லை. வாங்குபவருக்கும் சுமை இல்லை.

1976-ல் கென்யா நாட்டின் நைரோபி நகரில் மாநாடு நடந்தது. தேயிலை, காப்பி, ரப்பர், சணல் உட்பட 18 பொருள்களுக்கு இந்தத் திட்டம் ஏற்கப்பட்டது. 1979-ல் ரப்பருக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1980-ல் பொது நிதிக்கும் ஒப்பந்தம் ஆனது. ஆனால் போதிய நாடுகள் ஒப்புதல் தர வெகுகாலம் ஆயிற்று. 1989-ல்தான் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள் கொரியா பொறுப்பிலிருந்து விலகி ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. நினைத்த அளவு பலமும் அந்த நிதிக்கு இல்லை.

தேயிலைக்கு ஒப்பந்தம் கிடைக்கவே இல்லை. ஏன்? தேயிலையை வெகுநாள் இருப்பு வைத்தால் மணம் போய்விடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. யார் எவ்வளவு விற்பது என்பதில், விளைவிக்கும் நாடுகளுக்குள்ளேயே ஒற்றுமை வரவில்லை.

1985-ல் தெற்கு ஆசியாவின் ஏழு நாடுகள் டாக்காவில் கூடி சார்க் அமைப்பைத் தொடங்கின. இந்தியா போன்ற பெரிய நாடும், மாலத்தீவு, பூட்டான் போன்ற சிறிய நாடுகளும் ஒரே மேசையில் அமர்ந்தன. 2007-ல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. ஆனால் 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய மாநாடு நடக்கவில்லை. அண்டை வீட்டார் சண்டையிட்டால் பொதுக் காரியம் நின்றுபோகும் அல்லவா?

கொரியா 2013-ல் காலமானார். அவர் கண்ட கனவு முழுவதும் நிறைவேறவில்லை. ஆனால் எளியவர்கள் சேர்ந்து பேசினால் பெரியவர்கள் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அவர் காலம் காட்டியது. சேர்ந்தால் மட்டும் போதாது, தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளவும் தெரிய வேண்டும் என்பதையும் காட்டியது.

புதிய சொற்கள்
ஏற்றுமதி – வெளிநாட்டுக்கு விற்பது
இறக்குமதி – வெளிநாட்டிலிருந்து வாங்குவது
ஒப்பந்தம் – இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு

படித்துப் பதில் சொல்லுங்கள்
1. பொது நிதி எப்படி விலையைக் காக்கும்?
2. தேயிலைக்கு ஏன் ஒப்பந்தம் வரவில்லை?
3. உங்கள் தெருவில் சேர்ந்து வாங்கக்கூடிய பொருள் எது? கணக்கை யார் எழுதுவது? கூடிப் பேசுங்கள்.