நூறு என்றார்கள், பத்தும் வரவில்லை

கேள்வி: 100 மெகாபிட் வேகம் என்று சொல்லி 4ஜி இணைப்புத் தந்தார்கள். பின்னேரம் கனடாவில் இருக்கும் மகனோடு கதைத்தால் அவனுடைய முகம் உறைந்து நிற்கிறது. இது ஏமாற்று இல்லையா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. விளம்பரத்தில் ‘வரை’ என்றொரு சின்னச் சொல் இருக்கும். அதுதான் நிறுவனத்தின் கவசம். 4ஜியில் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை ஊரே பங்கிடுகிறது. இரவு 7 மணிக்கு எல்லா வீட்டிலும் திரை எரியும்போது உங்கள் பங்கு சுருங்கிவிடும்.

முதலில் ரவுட்டரை அலுமாரி மூலையிலிருந்து எடுத்து, கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலில் வையுங்கள். பிறகு மடிக்கணினியை வயரில் இணைத்து, காலை, மதியம், இரவு என ஒரு கிழமைக்கு வேகத்தை அளந்து, திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஒன்று கவனம்: எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். கோப்பு இறங்கும்போது விநாடிக்கு 12.5 மெகாபைட் காட்டினால் அது முழு 100 மெகாபிட்.

அந்தப் படங்களோடு நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு 1900இல் அழையுங்கள்.

பிரித்தானியாவில் 2018 முதல், விளம்பர வேகம் நெரிசல் நேரத்திலும் பாதி வாடிக்கையாளருக்காவது கிடைக்க வேண்டும். இங்கும் அப்படியொரு விதி வேண்டும்.